செலிக்காவுக்கு நாலு ஷொக்

நிசாந்திக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. சோற்றுக் கோப்பையோடு கதிரையில் இருந்தாலும் ஒரு கால் ஆடிக்கொண்டேயிருக்கும். மாதா கோயிலில் முழந்தாளில் நிற்கும்போதும் கைவிரல்கள் முன்வாங்குப் பலகையில் தாளம் போடும். முன்னுக்கு இருக்கிற பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த தொழிலைக் கேட்டால் சிரிப்பு வரும். நுரைச்சோலையில் அவள் கார் ஓட்டப் பழக்குகிறவள். எல் போர்ட் தொங்குகிற சின்ன வெள்ளைக் காரில், பக்கத்து ஆசனத்தில் இருந்து, தன் காலடியில் பொருத்தியிருக்கிற இரண்டாவது பிரேக்கில் பாதத்தை வைத்தபடி, பகல் முழுக்க ஒரே பாட்டு: "மெல்ல... கிளச்சை மெல்ல விடுங்கோ... ஏன் அவசரம்?"

அவளுக்கு முதல் அந்தப் பக்கத்தில் பெண்களுக்கு ஓட்டப் பழக்க ஒரு பெண் இருக்கவில்லை. கற்பிட்டி, எத்தாளைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் வாப்பாமார் நம்பி மகள்மாரை அனுப்புவது அவளிடம்தான். மின் நிலையத்தில் வேலை கிடைத்த பெண்களும் வந்தார்கள். எல்லோருடைய பயத்துக்கும் ஏற்றபடி ஊர்ந்து ஊர்ந்து, பின்னேரம் வீட்டுக்கு வரும்போது வலது கெண்டைக்கால் இறுகிக் கல்லாகியிருக்கும்.

அவளுடைய ஊர் குருநகர். யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் ஊரை விட்டு எழும்பிய வருசம், தகப்பன் அருளப்பு அவளையும் தாயையும் வள்ளத்தில் ஏற்றி, மன்னாரில் கொஞ்சக் காலம் ஒதுங்கி, கடைசியில் எத்தாளைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. அதற்குப் பிறகு சண்டை முடியும்வரை அவளுக்குத் தெரிந்த றோட்டு என்றால், கொஞ்சத் தூரம் போய் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடந்து, திரும்ப ஏறுகிற றோட்டுத்தான். சண்டை முடிந்தது. மண் மூட்டைகள் போயின. குழியும் புழுதியுமாகக் கிடந்த கற்பிட்டி றோட்டுக்குக் காபட் போட்டார்கள். கறுப்பாக, வழுவழுவென்று, யாரும் மறிக்காமல் நீளமாகக் கிடந்த அந்த றோட்டைக் கண்ட அன்றைக்குப் பிடித்த, ஓட வேண்டும் என்ற கொதி பிறகு அடங்கவேயில்லை.

அந்தக் கொதியிலேதான் செலிக்காவை வாங்கினாள். கற்பிட்டிக் கடலில் பட்டம் பிடித்துச் சறுக்க வருகிற வெள்ளைக்காரருக்கு ஹொட்டேல் நடத்திய ஒருவர், தொழிலை விட்டுவிட்டுப் போகும்போது பின்வளவில் போட்டுவிட்டுப் போன கார் அது. இரண்டு கதவு, தட்டையான மூக்கு, ஒரு காலத்தில் சிவப்பு. தொண்ணூறாம் ஆண்டுக் காலத்து வண்டி. தார்ப்பாயை இழுத்தபோது பின் ஆசனத்தில் ஒரு கோழி அடைகிடந்தது. ஃபிரிட்ஜ் வாங்கச் சேர்த்த காசு அதற்குப் போனது. எஞ்சின் மட்டும், யாரோ நேற்றுத்தான் நிற்பாட்டிவிட்டுப் போனதுபோல, இரண்டாம் திருப்பிலே பிடித்துக்கொண்டது.

கணவன் கீதனுக்கு மின் நிலையத்தில், நிலக்கரி ஓடுகிற பட்டியைத் திருத்துகிற பகுதியில் வேலை. எதற்கும் பதறாத மனிதன். காரைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தான்.

"உமக்கு ஓட வேணும் எண்டால் ஓடும். ஆனால் உப்புக் காத்து இதின்ரை அடியைத் திண்டிருக்கும். அடியைப் பாரும்."

அவள் அடியைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்த கையோடு, றோட்டில் சனம் எழும்ப முதல், கற்பிட்டிக்குப் போய்த் திரும்புவாள். காற்றாடிக் கம்பங்களும் வெங்காயத் தோட்டங்களும் இரண்டு பக்கமும் பின்னுக்கு ஓடும். அந்த நேரத்தில் மட்டும் அவளுடைய கை கால் எல்லாம் ஒரே சொல் கேட்கும்.

காருக்குத்தான் சொல் கேட்கத் தெரியவில்லை. வேகம் ஏற ஏற ஸ்டியரிங் இடமும் வலமுமாக அலைந்தது. வளைவில் திருப்பினால் முன்பக்கம் திரும்பி, கொஞ்சம் பொறுத்துத்தான் பின்பக்கம் ஞாபகம் வந்ததுபோல வந்தது. சின்னப் பள்ளத்தில் விழுந்தாலும் எங்கேயோ டொக்கென்று ஒரு சத்தம். ரேடியோவைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓடினாள்.

ஒரு ஞாயிறு, நுரைச்சோலைக்கு அங்கால் ஒரு வளைவில் கழுதைகள் நின்றன. அந்தப் பக்கத்தில் கழுதை நிற்பது புதினமில்லை. தாயும் குட்டிகளுமாக நடுறோட்டில், காபட்டின் சூட்டுக்குச் சுகமாக நின்றன. நிசாந்தி பிரேக்கை மிதித்தாள். காரின் மூக்கு தலைகுத்திக் கீழே போனது. பின்பக்கம் எழும்பி இலேசாகி, வழுக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தது. வானமும் வெங்காயத் தோட்டமும் ஒரு சுற்றுச் சுற்றின. கார் நின்றபோது, வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றது. கழுதைகள் அசையவில்லை.

நிசாந்தி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். பின்னால் வந்த ஓட்டோ நின்றது. அதிலிருந்து இறங்கி ஓடி வந்தது றிஸானா. நிசாந்தியிடம் அந்த மாதம்தான் கார் ஓட்டப் பழக வந்தவள்.

"மிஸ்! காயம் ஒண்டும் இல்லையா மிஸ்?"

"இல்லை, இல்லை."

றிஸானா ரயர் கீறிய கறுப்புக் கோடுகளைப் பார்த்தாள், கழுதைகளைப் பார்த்தாள், பிறகு ரீச்சரின் முகத்தைப் பார்த்தாள். "எங்களுக்கு பிரேக்க மெல்ல மிதிக்கச் சொல்லித் தந்தது நீங்கதானே மிஸ்" என்றாள். பகிடிக்குச் சொல்லவில்லை. பயந்துபோய்க் கேட்டாள். அதுதான் நிசாந்திக்கு இன்னும் கூடச் சுட்டது.

மத்தியானத்துக்கு முதல் கதை வீட்டுக்கு வந்துவிட்டது. கீதன் பின்னேர முறை வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"காரை வித்தால் என்ன?"

"விக்க மாட்டன்."

"அப்ப திருத்தும். இரண்டிலை ஒண்டு."

அதற்குப் பிறகு அவளுக்கு நித்திரையும் சரியில்லை, சாப்பாடும் சரியில்லை. எவரைக் கண்டாலும் ஸ்பிரிங்கும், அதன் துள்ளலை அடக்குகிற ஷொக்கும்தான் கதை. பாலாவியில் கராஜ் வைத்திருந்த ஹயாத்து முகம்மதுவிடம் காரைக் கொண்டுபோனாள். அவர் ஜக் போட்டு உயர்த்தி, சில்லைப் பிடித்து ஆட்டிக் காட்டினார். நாலு ஷொக்கும் செத்திருந்தன. இரண்டில் எண்ணெய் வழிந்து காய்ந்து, மண் அப்பியிருந்தது. இரும்பும் இரும்பும் சேருகிற இடத்துப் புஷ்கள் ரப்பர் என்றே சொல்ல முடியாதபடி வெடித்திருந்தன.

"தங்கச்சி, இதுக்குப் புதுசு தேடினா காசு நிறையப் போவும்" என்றார். "நான் ஒண்டு சொல்றேன். ஸ்பிரிங்குல ஒரு சுத்து வெட்டி எடுத்தா கார் பதிஞ்சிரும். பதிஞ்சா ஆட்டம் குறையும். இங்கத்தப் பொடியனுகள் எல்லாரும் அப்பிடித்தான் செய்றானுகள்."

"வெட்டினால் ஸ்பிரிங் ஷொக்குக்குக் கட்டையாய்ப் போகாதோ நானா? ஜக்கிலை தூக்கேக்குள்ளை ஸ்பிரிங் கழண்டு நிக்காதோ?"

"சில நேரம் கழலும்தான்" என்று அவர் ஒத்துக்கொண்டார். "வெட்டச் சொன்னா வெட்டுவேன், மாத்தச் சொன்னா மாத்துவேன். உங்கட கார்."

சிலாபத்தில் இருந்த மச்சான் றொபின்சனின் யோசனை வேறு. அவளுடைய தாய்மாமனின் மகன், ஃபோன் கடை வைத்திருந்தான், தரையோடு தரையாகப் பதித்த ஒரு சிவிக் காரில் ஓடித் திரிகிறவன். "மச்சாள், உந்தச் சில்லறை வேலை ஒண்டும் வேண்டாம். ஜப்பானிலை கழட்டின செட் கொழும்புக்கு வருது. ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒண்டாய், உயரம் கூட்டிக் குறைக்கலாம், இறுக்கித் தளத்தலாம். புதுசெண்டால் கனவிலையும் வாங்கேலாது. பழசெண்டால் எங்கட கைக்கு எட்டும். எடுத்துப் பூட்டினால் ரேஸ் கார்."

அந்தக் கடைசிச் சொல் போதும். அடுத்த கிழமை வகுப்புகளைத் தள்ளிப் போட்டுவிட்டு, சிலாபத்தில் ரெயில் ஏறி இரண்டு பேரும் கொழும்புக்குப் போனார்கள். ஒரு கடையின் பின்பக்கத்தில், கறள் பிடித்த இரும்புக் குவியலுக்கு நடுவில், அந்த நாலும் ஊதா நிறத்தில் நின்றன. நிசாந்தி கிட்டப் போய்க் குந்தினாள். ஒன்றின் தண்டில் மெல்லிய ஈரம் மினுங்கியதைக் கண்டாள். விரலால் தொட்டாள். கடைக்காரர் ஒரு துணியால் துடைத்துவிட்டு, "அது கழுவின எண்ணெய் மிஸ்" என்றார். கண்டதையும் கேட்டதையும் இரண்டு தட்டில் வைத்துப் பார்க்க ஒரு நாள் எடுத்திருக்கலாம். அவளால் ஒரு நிமிசமும் பொறுக்க ஏலவில்லை. வாங்கினாள்.

ஹயாத்து முகம்மது பூட்டிக் கொடுத்தார். செலிக்கா பதிந்து, சில்லு மட்காட்டுக்குள் ஒளிந்து, பாயப் போகிற மிருகம்போல நின்றது. கடைத்தெருவில் நின்றவர்கள் ஃபோனில் படம் எடுத்தார்கள். அந்த ஒரு பின்னேரம் அவளுக்குச் சந்தோசம்.

மறுநாள் தொடங்கியது வில்லங்கம். வீட்டு ஒழுங்கையால் வெளியே வரவே காரின் வயிறு தரையில் உரசியது. வேகத்தடைகளில் காரைச் சரித்துச் சரித்து ஏற்ற வேண்டியிருந்தது. காபட் றோட்டில், பாலத்தோடு றோட்டுச் சேருகிற இடங்களில் கார் ஒரு துள்ளுத் துள்ளி, நாலு சில்லும் தரையை மறந்து, திரும்ப விழும். பல்லோடு பல் அடித்தது. வளைவில் முன்னையைப்போல அலையவில்லை என்பது மெய்தான். ஆனால் வளைவின் நடுவில் ஒரு சின்ன மேடு வந்தால், வெட்டுக்கிளிபோலப் பக்கவாட்டில் பாய்ந்தது. வழுவழுத்த றோட்டுக்கென்று இறுக்கமாகச் செய்த சாமான், உப்புத் தின்ற இந்தக் கரையில் என்ன செய்யும்? சில கிழமைகளில் பின் வலப்பக்கத்து ஷொக்கிலிருந்து எண்ணெய் ஒழுகத் தொடங்கியது. கழுவின எண்ணெய் அல்ல.

கீதனிடம் சொல்லாமல் மூன்று ஞாயிறு காரை எடுக்காமல் விட்டாள். தலையிடி என்றாள், மழை வரும்போல என்றாள். மழை ஒன்றும் வரவில்லை.

ஊதாச் செட்டை வாங்க றொபின்சன் ஒரு ஆளைப் பிடித்து வந்தான். மாரவிலைப் பக்கத்து இளம்பொடியன். சிங்களமும் தமிழும் கலந்து கதைத்தான். அவனிடமும் இதே மாதிரி ஒரு கார் இருந்தது. ஊதா நிறத்தைக் கண்டவுடன் அவனுடைய கண்ணும் அவளுடையதைப்போலவே விரிந்தது. விலைகூடப் பேசாமல் சம்மதித்தான். நிசாந்தி ஒழுகின இடத்தை அன்று காலைதான் துடைத்திருந்தாள். துடைக்கும்போது ஒன்றும் யோசிக்கவில்லை. இப்போது அந்தப் பொடியன் குனிந்து பார்க்கும்போது, துணியும் கையுமாகக் கொழும்பில் நின்ற கடைக்காரரின் முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"தம்பி, பின் வலப்பக்கம் ஒழுகுது" என்றாள். "நான்தான் துடைச்சு வைச்சன்."

பொடியன் நிமிர்ந்தான். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டான். றொபின்சன் தலையில் கை வைத்தான்.

"மச்சாள், உங்களுக்கு விசரோ? அவன் கேட்டவனோ?"

"கேக்கேல்லை. நானும் அண்டைக்குக் கேக்கேல்லை."

அவன் கோபித்துக்கொண்டு போனான். அவளுக்கு அழுகை வரவில்லை. எழும்பி நடக்க வேண்டும் போலிருந்தது. எல் போர்ட் காரின் திறப்பை எடுத்துக்கொண்டு தனியே கிளம்பினாள். எங்கே போகிறோம் என்ற எண்ணமில்லாமல் கற்பிட்டிப் பக்கம் மிதித்தாள். கழுதைகள் நின்ற வளைவு வந்தபோதுதான் வேகமுள்ளைப் பார்த்தாள். செலிக்கா சுழன்ற அதே வேகம். அந்தச் சின்னக் கார், பழகுகிறவர்களின் உதை எல்லாம் வாங்கிய அந்த ஏழைக் கார், கொஞ்சம் சரிந்து, பாலம் சேருகிற மேட்டில் ஒருமுறை அமர்ந்து எழும்பி, ஒன்றும் நடக்காததுபோல வளைந்து போனது.

கரையில் நிற்பாட்டினாள். இந்தக் காரின் ஷொக் போன வருசம்தான் மாற்றியது. சாதாரண ஷொக், கொம்பனி உயரம், உடையாத புஷ். ஊதா நிறம் ஒன்றுமில்லை. றோட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவ்வளவுதானே தனக்கு வேண்டியிருந்தது என்று நினைத்தபோது, வெட்கத்தில் தன்பாட்டிலேயே சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து கீதனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். ஈரத்தைக் கண்டதும், கண்டும் வாங்கியதும், துடைத்ததும், அந்தப் பொடியனும். அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நான் ஒண்டு கேக்கிறன், கோபிக்காதையும்" என்றான். "உமக்கு அந்தக் கார் என்னத்துக்கு?"

"ஓடத்தான்."

"எங்கை ஓட? ஜப்பானிலையோ?"

அவளுடைய கால் ஆடத் தொடங்கியது. அவன் தொடர்ந்தான். "ஞாயிற்றுக்கிழமை நீர் போனால், எஞ்சின் சத்தம் திரும்ப ஒழுங்கைக்குள்ளை கேக்கிறவரைக்கும் நான் படுத்துக் கிடக்கிறன் எண்டுதானே நினைக்கிறீர்? நான் நித்திரை கொள்ளுறேல்லை."

கலியாணம் முடித்து இத்தனை வருசத்தில் கீதன் பயந்து அவள் கண்டதில்லை. பயப்படுவான் என்று நினைத்ததும் இல்லை. கால் ஆட்டுவதை நிற்பாட்டி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இருந்து யோசியும்" என்றான். "இந்த றோட்டுக்கு, இந்தக் காத்துக்கு, எங்கட கைக்கு எது சரி? அதை வாங்குவம். மெல்ல மெல்ல வாங்குவம்."

மெல்ல என்ற சொல்லை நாளெல்லாம் சொல்லித் திரிகிறவளுக்கு அதைக் கேட்டு நடப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. முதலில், ஆகக் குறைந்த விலையில், புஷ்கள். அதைப் போட்டவுடனேயே ஸ்டியரிங்கின் அலைச்சல் பாதி போய்விட்டது. "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னனே" என்றார், ஸ்பிரிங்கை வெட்டச் சொன்ன ஹயாத்து முகம்மது, கொஞ்சமும் கூச்சமில்லாமல். பிறகு நோன்பு மாதம் வந்து கராஜ் மந்தமானது. அவள் காத்திருந்தாள்; காத்திருக்க முடியாமல் கராஜைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பெருநாள் முடிந்து பின் இரண்டு ஷொக்கும் மாற்றினார்கள். அதே காருக்கென்று செய்த புதுச் சாமான், காஸ் அடைத்தது, முந்தியதைவிடக் கொஞ்சம்தான் இறுக்கம். மேலே தாங்குகிற மவுண்டிங்குகளும் அதோடு மாறியதால், டொக்கென்ற சத்தமும் போனது. இன்னும் இரண்டு மாதம் கழித்து முன்னிரண்டு. ஸ்பிரிங் அவளுடைய பழையதுதான். துருவைச் சுரண்டி வர்ணம் பூசிப் போட்டார்கள். கார் பழைய உயரத்துக்கு எழும்பி நின்றது. கடைத்தெருவில் ஒருவரும் படம் எடுக்கவில்லை. ஊதாச் செட்டில் நல்லதாக இருந்த மூன்றையும், இன்னது இன்னபடி என்று சொல்லி, சிலாபத்தில் ஒருவருக்கு கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டாள். அந்தக் காசில் ரயர் வந்தது.

இதற்கிடையில் றொபின்சனுக்குக் கோபம் தணிந்துவிட்டது. சிலாபத்துக்குத் தெற்கே ஒரு பெரிய தென்னந்தோட்டத்துக்குள், உள்றோட்டில், கார்க்காரர்கள் கூடி ஒரு நேர ஓட்டம் வைக்கிறார்கள் என்று சொன்னான். ஒவ்வொரு காராகப் போக வேண்டும். ஆளுக்கு இரண்டு தரம். குறைந்த நேரம் கணக்கு. "வாங்கோ மச்சாள், வேடிக்கையாவது பாப்பம்."

வேடிக்கை பார்க்கப் போனவள் பெயரைக் கொடுத்துவிட்டாள். பத்துப் பதினைந்து கார்கள். பெண் அவள் ஒருத்தி. கீதன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, ஒரு தென்னையடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

தோட்டத்து றோட்டு பாதி தார், பாதி கிறவல், எங்கும் வேர் எழும்பிய மேடு. றொபின்சனின் சிவிக் இரண்டாம் வளைவில் வயிறு அடித்து, எண்ணெய்த் தொட்டி நசுங்கி, கயிறு கட்டி இழுபட்டு வந்தது. நிசாந்தியின் முறை வந்தது. கொடி விழுந்ததும் அவளுக்கு உலகம் சுருங்கி ஒரு றோட்டளவு ஆனது. மேடுகளில் செலிக்கா ஒருமுறை அமர்ந்தது, எழும்பியது, முடிந்தது. பிரேக் பிடித்தால் நேராக நின்று பிடித்தது. திருப்பினால் முன்னும் பின்னும் ஒன்றாகத் திரும்பியது. அவள் இறங்கியபோது, அதுவரை ஓடினவர்களில் இரண்டாவது நேரம் அவளுடையது.

கீதன் வந்து தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். "போதும்தானே?" என்றான்.

போதாது. இரண்டாம் ஓட்டத்தில் முதல் ஆளை வெட்டலாம் என்று அவளுடைய உடம்பெல்லாம் அரித்தது. போனாள். பாதிவரைக்கும் முந்தியதைவிட வேகம்; தனக்கே தெரிந்தது. கடைசிக்கு முதல் வளைவில், பிரேக் பிடிக்க வேண்டிய தென்னை கடந்து போனதைக் கண்டும் காலை எடுக்கவில்லை. எந்த ஷொக்கும் அதற்குப் பொறுப்பில்லை. கார் கிறவலில் அகன்று போய், உரிமட்டைக் குவியலொன்றுக்குள் மூக்கைப் புதைத்து நின்றது. மட்டைத் தூசி மேகமாக எழும்பியது.

கீதன் ஓடி வந்தான். அவன் ஓடி அவள் பார்த்தது அன்றுதான். கதவைத் திறந்தபோது அவள் தும்மிக்கொண்டிருந்தாள், தும்மலுக்கு நடுவில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சிரிக்கிறீர் என்ன?" என்றபடி அவளுடைய பெல்ட்டைக் கழற்றினான்.

"நான்தான் பிழை. கார் சரி" என்றாள். "கீதன், கார் சரியப்பா."

முன் பம்பர் வெடித்தது, ஒரு லைட் போனது. முதல் ஓட்டத்து நேரம் கணக்கில் நின்றதால், கடைசியில் ஐந்தாமிடம். கோப்பை மூன்று பேருக்குத்தான். ஐந்தாமிடத்துக்கு தேநீர் நிறக் கடதாசியில் ஒரு சான்றிதழும் கைதட்டலும். மட்டைத் தும்பு தலையெல்லாம் ஒட்டியிருக்க அவள் அதை வாங்கினாள். மாரவிலைப் பொடியனும் கூட்டத்தில் நின்றான். கிட்ட வந்து, என்ன ஷொக் போட்டீர்கள் அக்கா என்று கேட்டான். அவள் நின்ற நிலையில் புஷ்ஷிலிருந்து தொடங்கி எல்லாம் சொன்னாள். கீதன் இரண்டு தரம் கூப்பிட்டும் கதை முடியவில்லை.

திங்கட்கிழமை காலை கீதன் எழும்பி வெளியே வந்தபோது, காரின் அடியிலிருந்து இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஃபோன் ஸ்பீக்கரில் போட்டிருந்தது. வகுப்புக்கு வந்த றிஸானா எல் போர்ட் காருக்குள் ஏறி, கண்ணாடியைச் சரிசெய்து, பெல்ட்டும் போட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

"பின்பக்கத்துக்கு ஒரு தடிச்ச ஸ்டெபிலைசர் பார் கிடைக்குமோ?" என்று காருக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது. "ஓம், செலிக்காவுக்குத்தான். பழசெண்டாலும் பரவாயில்லை. ஆனால் நான் வந்து, கழட்டி, கையிலை எடுத்துப் பாத்துத்தான் வாங்குவன்."

கீதன் பம்பர் வெடிப்பைக் குனிந்து பார்த்தான். பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தான்.